ஆய்வக எலியிடம் இல்லாத புரதம்

காவிரி டெல்டாவில் எலியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கிட்டியில்தான் போய் நிற்கும். மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் கட்டி, இரை வைத்து, மாலையில் வரப்போரம் நட்டுவிட்டு வந்தால் விடிவதற்குள் எலி நாணில் சிக்கிக் கிடக்கும். ‘தஞ்சாவூர் கிட்டி’ என்று ஊர்ப்பெயரோடு சொல்லும் அளவுக்கு அது இந்த மண்ணோடு ஒட்டிய கருவி. குறுவையோ சம்பாவோ தாளடியோ, பயிர் வளரும்போது எலி தண்டைக் கடித்துப் போடும். கதிர் முற்றினால் அறுத்து வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அறுவடைக்குப் பிறகு வளையை வெட்டி நெல் எடுப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

மன்னார்குடிப் பக்கம் கிட்டி வைக்கிற பெரியவர் ஒருவர் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டார்: “ஏந்தம்பி, எலியால நமக்குக் காய்ச்சல் வருதுங்கிறாங்க. எலிக்குக் காய்ச்சலே வராதா?” அவர் சொன்னது எலிக்காய்ச்சலை. அது லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீர் வழியாக வயல் தண்ணீரில் கலந்து, காலில் இருக்கும் வெடிப்பு வழியாக நமக்குள் நுழைகிறது. எலியை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அது தனிக் கதை. ஆனால் பாக்டீரியாவை விட்டுவிட்டு வைரஸ் பக்கம் வந்தால், பெரியவரின் கேள்வி நல்ல கேள்வி. எலிக்கு ஃப்ளூ வருமா? வந்தால் தாங்குமா? ஒரு பரம்பரையில் வந்த எலி அப்படியே செத்துப்போகும், இன்னொரு பரம்பரை எலி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம் ஒற்றைப் புரதத்தால் வருவது. அதன் பெயர் எம்எக்ஸ்-1.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் செய்தித்தாள்களில் ‘எலிகளிடம் சோதனை வெற்றி’ என்று வரும்போது அந்த எலி பெரும்பாலும் சுண்டெலிதான். கிட்டியில் விழும் கொழுத்த வரப்பெலி அல்ல. வயலில் சின்னதாக ஓடும் வயல் சுண்டெலி ஆய்வக எலிக்குக் கிட்டத்துச் சொந்தம்; வரப்பெலியும் பெருச்சாளியும் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இந்தக் கட்டுரையில் எலி என்று வரும் இடங்களில் சுண்டெலி என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாறும்போது சொல்கிறேன்.

சாக மறுத்த எலிகள்

1957-இல் லண்டனில் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர் கோழி முட்டைக் கருவின் சவ்வில் ஃப்ளூ வைரஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடுகாட்டிச் செயலிழக்க வைத்த வைரஸ் பட்ட சவ்வு ஏதோ ஒரு பொருளை வெளியே விடுகிறது; அந்தப் பொருளைப் புதிய சவ்வில் ஊற்றினால் அங்கே வைரஸ் பெருக முடியவில்லை. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். இன்று எல்லா மருத்துவக் கல்லூரிப் பாடத்திலும் இருக்கிறது.

அதே லிண்டன்மன் 1962-இல் வேறொரு விஷயத்தை வெளியிட்டார். ஏ2ஜி என்ற ஒரு எலி வரிசை. ஆய்வகத்தில் எலிகளை அண்ணன் தங்கை உறவிலேயே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்ப்பார்கள். கடைசியில் அந்த வரிசையில் உள்ள எல்லா எலியும் கிட்டத்தட்ட ஒரே மரபணுத் தொகுப்போடு இருக்கும். அப்படி வளர்த்த ஏ2ஜி எலிகளுக்கு, மற்ற எலிகளை நிச்சயம் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தும் அவை சாகவில்லை.

அடுத்து அவர் செய்த சோதனை பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் வரும் மெண்டல் பட்டாணிக் கணக்குதான். தாங்கும் ஏ2ஜி எலியையும் தாங்காத எலியையும் இணைசேர்த்தார். குட்டிகள் அத்தனையும் பிழைத்தன. அந்தக் குட்டிகளைத் திரும்பத் தாங்காத எலியோடு சேர்த்தார். இப்போது பிறந்தவற்றில் ஏறக்குறைய பாதி பிழைத்தன, பாதி செத்தன. இந்தக் கணக்கு வந்தால் அர்த்தம் ஒன்றுதான்: பத்துப் பதினைந்து மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அல்ல இது, ஒரே ஒரு மரபணு, அதுவும் ஓங்கு மரபணு. ஒரு பிரதி இருந்தாலே போதும். ஃப்ளூ வைரஸுக்கு அப்போதிருந்த குடும்பப் பெயர் மிக்ஸோவைரஸ் என்பதால், மரபணுவுக்கு எம்எக்ஸ் என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டன.

லிண்டன்மன் கண்டுபிடித்த இந்த இரண்டும், இன்டர்ஃபெரானும் எம்எக்ஸும், ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது தெரியப் பல வருடங்கள் ஆனது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே ஆள் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கிறார். 1979-இல் ஓட்டோ ஹாலரும் லிண்டன்மன்னும் மற்றவர்களும் சேர்ந்து, தாங்கும் எலிகளுக்கு இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடியை ஊசி போட்டார்கள். அவ்வளவுதான், தாங்கும் எலிகள் தாங்காத எலிகளாகிவிட்டன. மரபணு உடம்பில் இருந்தும், இன்டர்ஃபெரான் வந்து எழுப்பாமல் அது வேலைக்கு வராது.

கல்லீரல் செல்களை வைத்தும் பார்த்தார்கள். எம்எக்ஸ் உள்ள எலியின் செல்லுக்கும் இல்லாத எலியின் செல்லுக்கும் ஒரே அளவு இன்டர்ஃபெரான் கொடுத்தபோது, கால்நடைகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் ஒரு வைரஸை இரண்டு செல்களும் சமமாகத் தடுத்தன. ஃப்ளூ வைரஸ் என்று வந்தபோது மட்டும் எம்எக்ஸ் உள்ள செல் நின்றது, இல்லாதது விழுந்தது. ஆக, இன்டர்ஃபெரான் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. எலியில் ஃப்ளூவுக்கு எதிராக முக்கிய வேலையைச் செய்வது அதில் ஒன்றுதான்.

பிறகு வேகம் பிடித்தது. 1983-இல் புரதத்தையே பார்த்துவிட்டார்கள். 1986-இல் பீட்டர் ஸ்டேஹெலி, சார்லஸ் வைஸ்மன் குழுவினர் மரபணுவைப் பிரித்தெடுத்து, தாங்காத எலிச் செல்லுக்குள் போட்டபோது அந்தச் செல் ஃப்ளூவைத் தாங்கியது. 1990-இல் முழு எலிக்குள்ளேயே மரபணுவைச் சேர்த்து, தாங்காத வரிசையைத் தாங்கும் வரிசையாக்கிக் காட்டினார்கள். சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

தலை, இடை, தண்டு

எலியின் எம்எக்ஸ்-1 புரதம் 631 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. எடை சுமார் 72 கிலோடால்டன். மரபணு இருப்பது எலியின் 16-ஆம் குரோமோசோமில். மனிதரில் இதற்கு இணையான எம்எக்ஸ்-ஏ என்ற புரதம் 662 அமினோ அமிலம் நீளம்; மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் ஒன்றின் வடிவத்தை வைத்து மற்றதைப் படிக்கிறார்கள். எம்எக்ஸ்-ஏ-யின் தண்டுப் பகுதியை 2010-இலும், ஏறக்குறைய முழு உருவத்தை 2011-இலும் ஜெர்மனியில் ஆலிவர் டௌம்கே குழுவும் ஹாலர் குழுவும் சேர்ந்து படிகமாக்கி எக்ஸ்-ரேயில் பார்த்தார்கள்.

இந்தப் புரதம் டைனமின் குடும்பத்தைச் சேர்ந்தது. டைனமின் என்பது செல் சவ்விலிருந்து சிறு பைகளைக் கழுத்தில் சுற்றி நெரித்துத் துண்டிக்கும் புரதம். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சவ்வை நெரிக்கும் ஒரு பழைய குடும்பத்தில் பிறந்த ஒன்று வைரஸை மடக்கும் வேலைக்குப் போயிருக்கிறது.

உருவத்தில் மூன்று பாகம். மேலே உருண்டையாக ஒரு தலை. அதுதான் ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்து உடைக்கும் இடம். ஜிடிபி என்பது செல்லுக்குள் ஆற்றலைச் சுமந்து திரியும் சிறு மூலக்கூறுகளில் ஒன்று. கீழே நீளமாக ஒரு தண்டு, நான்கு சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கட்டிய கட்டு. தலைக்கும் தண்டுக்கும் நடுவே மூன்று சுருள்களால் ஆன இடைப்பகுதி. இந்த இடைப்பகுதி ஒரு வேடிக்கை. அதன் மூன்று சுருள்களும் சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை அல்ல. ஒன்று சங்கிலியின் தொடக்கத்தில் இருக்கிறது, ஒன்று தலைப்பகுதி முடிந்ததும் வருகிறது, மூன்றாவது சங்கிலியின் கடைசி முனை. மூன்றும் எங்கெங்கோ இருந்து மடிந்து வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. தலையில் நடப்பது தண்டுக்குத் தெரிய வேண்டுமென்றால் இந்த இடை வழியாகத்தான் தெரிய வேண்டும்.

தண்டுகள் தனியாக நிற்பதில்லை. ஒன்றின் குறுக்கே ஒன்று சாய்ந்து, குறுக்குமறுக்காகக் கோத்துக்கொண்டு வரிசை நீள்கிறது. நீண்ட வரிசை வளைந்து வளையமாகிறது. தண்டின் நுனியில் ஒழுங்கான வடிவமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. எல்-4 என்று பெயர். படிகத்தில்கூடத் தெளிவாகத் தெரியாத இந்தக் கண்ணிதான், எந்த வைரஸைப் பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம் என்று எம்எக்ஸ்-ஏ ஆய்வுகள் காட்டுகின்றன. குரங்கினங்களின் எம்எக்ஸ்-ஏ-க்களை ஒப்பிட்டுப் பார்த்தால் பரிணாமம் மிக வேகமாக மாற்றிக்கொண்டே வந்த பகுதியும் இதுவே. வைரஸ் ஒரு பக்கம் மாற, இது மறுபக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஜிடிபி எதற்கு? இங்கே கிட்டியையே எடுத்துக்கொள்ளலாம். மூங்கில் தன்னால் நெரிக்காது. யாராவது வளைத்து நாண் ஏற்ற வேண்டும், ஒருமுறை விடுபட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். எம்எக்ஸுக்கு ஒவ்வொரு முறையும் நாண் ஏற்றித் தருவது ஜிடிபி. அதைப் பிடிக்கும்போது தலை ஒரு நிலையில் நிற்கிறது, உடைத்ததும் நிலை மாறுகிறது, அந்த அசைவு இடை வழியாகத் தண்டுக்குப் போகிறது, கோத்து நிற்கும் வளையம் முழுவதும் இழுபடுகிறது. தலையில் ஜிடிபியைப் பிடிக்கும் இடத்தைக் கெடுத்துவிட்டால் புரதம் வைரஸைத் தடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது என்பது 1993-லேயே காட்டப்பட்டது. கிட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: எவ்வளவு நல்ல கிட்டியானாலும் எலி போகாத வரப்பில் வைத்தால் ஒன்றும் விழாது. எம்எக்ஸ்-1 விஷயத்திலும் இடம்தான் முக்கியம். கிட்டி எலியைக் கொல்கிறது, எம்எக்ஸ் வைரஸைக் கொல்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அது வைரஸின் வேலையை ஆரம்பத்திலேயே நிறுத்துகிறது.

உட்கருவில் காவல்

ஃப்ளூ வைரஸ் கொஞ்சம் விசித்திரமான வைரஸ். ஆர்என்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லின் சைட்டோபிளாசத்திலேயே, அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியிலேயே, தங்கி வேலையை முடித்துக்கொள்ளும். ஃப்ளூவோ சிரமப்பட்டு உட்கருவுக்குள் போகிறது. காரணம் திருட்டு. மரபணுவின் செய்தியைச் சுமந்துபோக நம் செல் புதிதாக எழுதும் நகல்தான் எம்ஆர்என்ஏ; அப்படி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பி இருக்கும். தொப்பி இல்லாவிட்டால், புரதம் செய்யும் ரைபோசோம் அந்த நகலைப் படிக்காது. ஃப்ளூ வைரஸுக்குச் சொந்தமாகத் தொப்பி செய்யத் தெரியாது. ஆகவே உட்கருவுக்குள் புகுந்து, நம் எம்ஆர்என்ஏ-க்களின் தலையை வெட்டித் தன்னுடையதில் ஒட்டிக்கொள்கிறது.

அதன் மரபுப்பொருள் 8 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் என்.பி. என்ற புரதத்தால் முழுக்கப் போர்த்தப்பட்டிருக்கும், முனையில் பி.பி-1, பி.பி-2, பி.ஏ. என்ற மூன்று புரதங்கள் சேர்ந்த நகலெடுக்கும் இயந்திரம் உட்கார்ந்திருக்கும். உட்கருவுக்குள் போனதும் முதல் வேலை, கொண்டுவந்த 8 துண்டுகளிலிருந்து முதல் சுற்று எம்ஆர்என்ஏ எழுதுவது.

எலியின் எம்எக்ஸ்-1 காத்திருப்பது இந்த இடத்தில். புரதத்தின் கடைப்பகுதியில் உட்கருவுக்குப் போகச் சொல்லும் ஒரு முகவரி எழுதியிருக்கிறது. நுண்ணோக்கியில் நிறமேற்றிப் பார்த்தால் உட்கரு முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். முதல் சுற்று எழுத்தையே அது தடுக்கிறது. என்.பி.யும் பி.பி-2-வும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதை எம்எக்ஸ்-1 குலைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இயந்திரம் இருக்கிறது, படிக்க வேண்டிய துண்டு இருக்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை.

இடத்தின் முக்கியத்துவத்தை நிரூபித்த சோதனை எளிமையானது. உட்கரு முகவரியைக் கெடுத்து எம்எக்ஸ்-1-ஐ சைட்டோபிளாசத்திலேயே நிறுத்தினார்கள். ஃப்ளூவைத் தடுக்கும் சக்தி போய்விட்டது. வேறொரு வைரஸிடமிருந்து கடன் வாங்கிய உட்கரு முகவரியை அதே புரதத்தில் ஒட்டினார்கள். சக்தி திரும்பிவிட்டது.

மனிதரின் எம்எக்ஸ்-ஏ வேறு மாதிரி. அது இயல்பாகவே சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. அங்கேயே ஃப்ளூவின் துண்டுகள் உட்கருவுக்குப் போகும் வழியில் மறிக்கிறது. முன்பு சொன்ன வாய்ப்புண் வைரஸ்போல சைட்டோபிளாசத்தில் பெருகும் வைரஸ்களையும் பிடிக்கிறது. எலியின் எம்எக்ஸ்-1 உட்கருவில் இருப்பதால் அவற்றைத் தொடுவதே இல்லை. எலியிடம் எம்எக்ஸ்-2 என்ற இரண்டாவது புரதமும் உண்டு, அது சைட்டோபிளாசத்துக்காரன். வாய்ப்புண் வைரஸையும் ஹான்டா வைரஸையும் அது தடுக்கிறது. இரண்டு பேர், இரண்டு பக்கம் காவல். ஆய்வகத்தில் வளர்க்கும் பெரிய எலிகளுக்கு (சுண்டெலி அல்ல, ஆங்கிலத்தில் ‘ராட்’) இதுபோல மூன்று புரதம். ஒன்று உட்கருவில் ஃப்ளூவுக்கு, ஒன்று வெளியே மற்ற வைரஸுக்கு. மூன்றாவது எதையும் தடுப்பதாகத் தெரியவில்லை.

உடைந்த பிரதி

இனிதான் விஷயமே. இவ்வளவு வேலை செய்யும் இந்தப் புரதம், உலகெங்கும் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் எலிகளிடம் இல்லை.

பால்ப்-சி, சி57 பிளாக்-6 என்ற இரண்டு வரிசைகள்தான் ஆய்வக எலிகளில் பெரும்பான்மை. இரண்டிலும் எம்எக்ஸ்-1 மரபணுவில் 9-ஆவது முதல் 11-ஆவது வரையான எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான செய்தி எழுதியிருக்கும் மூன்று துண்டுகள், மொத்தமாகக் காணோம். சிபிஏ என்ற வரிசையில் வேறு பழுது: ஒரே ஒரு எழுத்து மாறி நடுவில் ‘இங்கேயே நிறுத்து’ என்ற குறி வந்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் வேலை செய்யும் புரதம் வராது. எம்எக்ஸ்-2-வும் இந்த வரிசைகளில் பழுதுதான். ஏ2ஜி மாதிரி ஓரிரண்டு வரிசைகள் மட்டும் நல்ல பிரதியோடு தப்பித்திருக்கின்றன. லிண்டன்மன் கையில் அந்த வரிசை கிடைக்காமல் போயிருந்தால், எலிக்கு ஃப்ளூ தாங்காது என்றே நாம் இன்னும் பல காலம் நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃப்ளூ மருந்தோ தடுப்பூசியோ, முதலில் பார்ப்பது எலியில். அந்த எலியிடம் ஃப்ளூவுக்கு எதிரான பிரதான ஆயுதமே கிடையாது. வைரஸைக் கொடுத்தவுடன் நோய் முற்றுகிறது என்பதால் சோதனைக்கு அது வசதி, உண்மைதான். ஆனால் இன்டர்ஃபெரானை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த எலி தரும் பதில் கோணலாகத்தான் இருக்கும். எழுப்பிவிட வேண்டிய ஆளே வீட்டில் இல்லையே. இதனால்தான் ஃப்ளூவில் இன்டர்ஃபெரான் பற்றிப் பேசும் குழுக்கள், ஏ2ஜி-யின் நல்ல மரபணுவை பிளாக்-6 வரிசைக்குள் இணைசேர்ப்பு மூலம் கொண்டுவந்த எலிகளை வைத்துக்கொள்கிறார்கள்.

நல்ல பிரதி உள்ள எலி எவ்வளவு தாங்கும்? 2007-இல், 1918 பெருந்தொற்றின் வைரஸை மறுபடி உருவாக்கியும், மனிதரிடமிருந்து எடுத்த எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸையும் கொடுத்துப் பார்த்தார்கள். எம்எக்ஸ்-1 உள்ள எலிகள் பெருமளவு பிழைத்தன. மரணத்துக்குப் பெயர்போன இரண்டு வைரஸ்கள்.

அதே வருடம் வேறொரு முடிவும் வந்தது. 1934-இல் பியூர்டோ ரீகோவில் எடுக்கப்பட்ட ஒரு பழைய ஃப்ளூ வைரஸின் மிக வேகமாகப் பெருகும் வடிவம் ஒன்று, எம்எக்ஸ்-1 உள்ள எலிகளையும் கொன்றது. எம்எக்ஸ்-1-இலிருந்து அது தப்பக் கற்றுக்கொண்டிருந்ததா? இல்லை. வைரஸைக் கொடுப்பதற்கு முன்பே இன்டர்ஃபெரான் கொடுத்துவிட்டால் எலிகள் பிழைத்தன. விஷயம் நேரம்தான். செல் ஆபத்தை உணர வேண்டும், இன்டர்ஃபெரான் வெளியேற வேண்டும், அது பக்கத்துச் செல்லின் வாசலில் ஒட்ட வேண்டும், சேதி உட்கருவுக்குப் போக வேண்டும், எம்எக்ஸ்-1 எழுதப்பட்டு உருவாக வேண்டும். வைரஸ் அதைவிட வேகமாக ஓடினால் புரதம் தயாராகும்போது காரியம் முடிந்திருக்கும்.

சரி, இவ்வளவு பயனுள்ள மரபணு எப்படித் தொலைந்தது? ஆய்வகத்தில் அண்ணன் தங்கை உறவில் வளர்த்ததால் கெட்டது என்று சொல்லிவிட ஆசைதான். அப்படி இல்லை. 1987-இல் ஹாலர் குழு காட்டு எலிகளைப் பிடித்துப் பார்த்தது. வெளியில் திரியும் வீட்டுச் சுண்டெலிகளிலும் நல்ல பிரதியும் உடைந்த பிரதியும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. உடைந்த பிரதி வெளியிலிருந்தே வந்திருக்கிறது. ஆய்வகம் அதைப் பெருக்கியது, அவ்வளவே.

என்னுடைய கணிப்பு, எலிக்கு ஃப்ளூ இயற்கையான நோய் அல்ல என்பதில் பாதி பதில் இருக்கிறது. ஆய்வகத்தில் நாம் மூக்கில் விடாவிட்டால் அதற்கு மனித ஃப்ளூ வரப்போவதில்லை. எம்எக்ஸ்-1 உண்மையில் எதை எதிர்பார்த்து உருவாகியிருக்கும் என்று தேடினால் உண்ணி பக்கம் போகிறது பார்வை. கென்யாவில் உண்ணிகளிடமிருந்து எடுத்த தொகோட்டோ வைரஸும், குஜராத்தில் ஒட்டகத்து உண்ணியிடமிருந்து எடுத்த தோரி வைரஸும் ஃப்ளூவுக்குப் பங்காளிகள், அதே குடும்பம், அவையும் உட்கருவில்தான் பெருகுகின்றன. இரண்டையும் எலியின் எம்எக்ஸ்-1 நன்றாகத் தடுக்கிறது. புல்லிலும் வளையிலும் வாழும் பிராணிக்கு மனிதன் தும்முவதைவிட உண்ணி கடிப்பதுதானே அன்றாடம்? அப்படி உண்ணித் தொல்லை இல்லாத இடங்களில், நம் வீட்டுப் பரணில், நெல் குதிருக்கு அடியில் வாழும் எலிக்கு இந்த மரபணு உடைந்தாலும் பெரிய நஷ்டமிருக்காது.

வாத்துக் கிடையும் நாமும்

தை அறுவடை முடிந்ததும் டெல்டாவில் வாத்துக் கிடைகள் இறங்கும். நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் பொறுக்கவிட்டு, வாய்க்காலோரம் வலை கட்டி அடைத்து வைப்பார்கள். இதே காலத்தில் கோடியக்கரையிலும் வடுவூர் ஏரியிலும் வெளிநாட்டு வாத்துகள் வந்து தங்கியிருக்கும். ஃப்ளூ வைரஸின் இயற்கையான வீடு என்றால் அது நீர்ப்பறவைகள்தான்.

அப்படியானால் வாத்திடம் பலமான எம்எக்ஸ் இருக்க வேண்டுமே? 1993-இல் ஸ்டேஹெலி குழு வாத்தின் எம்எக்ஸை எடுத்துச் செல்களில் போட்டுப் பார்த்தது. ஃப்ளூவை அது தடுக்கவே இல்லை. வாத்துக்குக் காவல் வேறு பக்கம் இருக்கிறது. வைரஸ் ஆர்என்ஏ-வை முகர்ந்து எச்சரிக்கும் ரிக்-ஐ என்ற உணரி வாத்திடம் உண்டு, கோழியிடம் கிடையாது. 2010-இல் தெரியவந்த இந்த வித்தியாசம், ஒரே வைரஸ் வாத்தை விட்டுவிட்டுக் கோழியைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 முதன்முதலாக வந்தபோது விழுந்தவையும் பண்ணைக் கோழிகள்தான்.

வாத்தின் எம்எக்ஸ் வைரஸைச் சீண்டாததால் மனிதருக்கு ஒரு லாபம். எம்எக்ஸ்-ஏ-யிடமிருந்து தப்ப வேண்டுமானால் ஃப்ளூ தன் என்.பி.யில் சில இடங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் இலவசமாகக் கிடைப்பதில்லை, என்.பி. பலவீனப்பட்டு, துண்டுகள் உட்கருவுக்குள் போவதே மந்தமாகிறது. யாரும் நெருக்காத வாத்துக்குள் வைரஸ் ஏன் அந்த விலையைக் கொடுக்கும்? ஆகவே பறவையிடமிருந்து நேராக வரும் வைரஸ்கள் எம்எக்ஸ்-ஏ-க்கு எளிதாகவே மாட்டுகின்றன. வாத்து மேய்ப்பவரும் கோழிப்பண்ணையில் வேலை செய்பவரும் தினமும் பறவையோடு புழங்கியும் பறவைக் காய்ச்சல் மனிதரிடம் அரிதாகவே ஒட்டுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எல்லாரிடமும் இந்தக் காவல் ஒரே மாதிரி இல்லை. சீனாவில் 2013-இல் தோன்றிய எச்7என்9 பறவை வைரஸால் நோயுற்றவர்களின் மரபணுக்களை வாசித்த ஒரு ஆய்வு 2021-இல் வந்தது. அவர்களிடம் எம்எக்ஸ்-ஏ-யின் அரிய, பழுதான வடிவங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. அவற்றில் பலவும் வைரஸைத் தடுக்க முடியாதவை. ஏ2ஜி எலிக்கும் பால்ப்-சி எலிக்கும் இடையில் லிண்டன்மன் பார்த்த வித்தியாசம் மனிதருக்குள்ளும், மிகச் சிலரிடம், இருக்கிறது.

பன்றி இந்தக் கணக்கை மாற்றுகிறது. பன்றியிடம் வேலை செய்யும் எம்எக்ஸ் உண்டு. பறவை வைரஸ் பன்றிக்குள் புகுந்து பல வருடம் சுற்றினால் அங்கேயே நெருக்கடி வந்து, அங்கேயே என்.பி. மாறி, விலையைச் சமாளிக்கும் வேறு மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஐரோப்பா, ஆசியப் பன்றிகளில் சுற்றும் பறவை வழி வந்த வைரஸ்கள் சிலவற்றில் எம்எக்ஸ்-ஏ-விடமிருந்து தப்பும் மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. 1918 வைரஸின் என்.பி.யில் அப்படி ஒரு தொகுதி இருந்தது. 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 பன்றியிடமிருந்து வந்தது, அதன் என்.பி.யிலும் தப்பும் மாற்றங்கள் இருந்தன, 1918-இல் இருந்த அதே தொகுதி அல்ல, வேறு ஒன்று.